கடைசி இரண்டு இலக்கங்கள்

"சின்னதாய் ஒரு தளம் செய்து தா,
ஒரே ஒரு பக்கம்" என்றாள் பகீரதி.
கார் பழக்கும் உரிமம் கைக்கு வந்து மூன்று கிழமை.
சிவப்பு ஃபியட், பின்னால் நீலச் சதுரத்தில் வெள்ளை 'எல்'.
சின்னது கேட்டவள்தான்
அகலம் எவ்வளவு என்றதும்
இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.
பேரே கங்கை. வேறென்ன கேட்பாள்?

பீல் நகரம், மாட்ரெட்ஷ், நாலாம் மாடி,
என் சமையலறை மேசை.
பகலில் ஆஸ்பத்திரித் துணி மடிக்கிற கை
இரவில் ஆயிரத்து இருநூறு பிக்சல் என்று தட்டியது.
இடப்பக்கம் முழுக் கார்.
வலப்பக்கம் விலை, அதற்கு மேலே தொலைபேசி எண்.
தள்ளி நின்று பார்த்தோம், சுவரில் படம் மாட்டியவர்கள்போல்.
தேத்தண்ணி ஆறிப்போனது.

முதற்கிழமை ஒரு அழைப்பும் இல்லை.
இரண்டாங்கிழமை அவள் அம்மா எடுத்தாள்,
எண் வேலை செய்கிறதா என்று பார்க்க.

மத்திய சதுக்கத்தில் பஸ்ஸுக்கு நிற்கிறேன்.
பக்கத்தில் ஒரு பையன், கண்ணாடி வெடித்த போன்,
அதில் எங்கள் கார்!
அரைக் கார். முன் சில்லும் ஒரு விளக்கும்.
பெருவிரலால் தள்ளினான்: விலை வந்தது, கார் போனது.
திருப்பித் தள்ளினான்: கார் வந்தது, விலை போனது.
எண்ணில் எட்டு இலக்கம் திரைக்குள்,
கடைசி இரண்டும் ஓரத்துக்கு வெளியே
ஏறத் தவறிய பயணிகள் மாதிரி.
நான் வாய் திறக்குமுன் பஸ் வந்துவிட்டது.
போன் பையனின் சட்டைப்பைக்குள் போனது.
அருகே கற்சுவர் இரண்டுக்கும் நடுவே ஷூஸ் ஆறு
கொடுத்த அகலத்தில் ஓடிக்கொண்டிருந்தது.
அதை நான் பார்த்ததாக ஞாபகமில்லை.

அன்றிரவு கோபத்தில் முந்நூற்று இருபது.
பிரெஞ்சு அடங்கி உட்கார்ந்தது.
ஜெர்மன் 'ஃபெர்கேர்ஸ்குண்டே' சுவரில் முட்டி நின்றது.
தமிழ்தான் மோசம்:
'சாரதிப் பயிற்சிக்' ஒரு வரி,
'கூடம்' அடுத்த வரி.
ஒற்று மேலே நின்று கீழே எட்டிப்பார்த்தது,
படியில் செருப்பை விட்டுவிட்டு இறங்கியவன்போல்.

"இது என்ன, மருந்துச் சீட்டா?" என்றாள் பகீரதி.

பிறகுதான் புத்தி வந்தது.
அளவு ஒன்றல்ல, எல்லை ஒன்று:
அதிகம் போனால் அறுநூற்று எண்பது,
குறைய எவ்வளவும் குறையட்டும்,
திரை தருகிற இடத்தில் எழுத்து மடங்கி இறங்கட்டும்.
எண்ணை எல்லாவற்றுக்கும் மேலே ஏற்றினேன், தனி வரியில்,
பத்து இலக்கமும் கைகோத்தபடி.
கார் படம் ஒடுங்கி வந்தது, உடையாமல்.
மிக நீளமான சொல் எதுவோ
அது முறியாத இடத்தில் நிறுத்தினேன், எழுத்தையும் ஒரு புள்ளி சிறிதாக்கி.

அவள் தன் பெரிய மடிக்கணினியில் திறந்து
முகம் சுளித்தாள்.
"இரண்டு பக்கமும் வெறுமனே கிடக்குதே.
வாடகை குடுத்த இடம்தானே, நிரப்பன்."
கிடக்கட்டும் என்றேன்.
ஏன் என்று கேட்டாள்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
விளிம்புவரை எழுதிய கடிதத்தை
எங்கே பிடித்துப் படிப்பது என்று ஏதோ உளறினேன்.

வியாழக்கிழமை முதல் அழைப்பு.
நீடாவிலிருந்து ஒரு பெண், இரவுவேலைக்காரி:
காலை ஆறரைக்கு வகுப்பு உண்டா?
பக்கத்தில் அது எழுதியே இல்லை.
உண்டு என்றாள் பகீரதி, கண் சிமிட்டாமல்.

சனிக்கிழமை பழைய நகரத்துக்குள் என்னை ஏற்றிப்போனாள்.
ஒடுங்கிய சந்தில் கண்ணாடி இரண்டையும் மடக்கினாள்,
வெளியே வந்ததும் விரித்தாள்.
பால் வண்டிக்கும் பச்சை வேனுக்கும் இடையில்
ஒரே திருப்பில் நிறுத்தினாள்,
எந்த வண்டியோடும் ஒட்டாமல்.
இன்னொரு சைக்கிள்கூட நிற்கலாமே என்றேன்.
"கதவு திறக்க இடம் வேணுமே" என்றாள்.

கேட்காததுபோல் இறங்கினேன்.